மலைநாட்டில் வேக சார்ஜர்: யார் முதலில், எதுவரை, எப்போது கழற்றுவது?

கொழும்பில் ஒரு சார்ஜரில் ஆள் இருந்தால் அடுத்ததற்குப் போகலாம். மலைநாட்டில் அடுத்தது என்பது பெரும்பாலும் ஒரு கணவாய்க்கு அந்தப் பக்கம். போய்ச் சேருமளவுக்குப் பட்டரி இருக்குமா என்பதே சந்தேகம். காசல்றி, மவுஸ்ஸாகலை, மேல் கொத்மலை என்று நாட்டுக்கே மின்சாரம் தரும் நீர்த்தேக்கங்களைச் சுற்றி ஓடிக்கொண்டே சார்ஜருக்கு அலைவது ஒரு தனி வேடிக்கை. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் மின்சாரக் கார் ஓட்டுகிறவர்களும் விடுமுறைக்கு ஏறி வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. எதுவும் சட்டமல்ல. வரிசைகளில் நின்று பழகியதும் என் அபிப்பிராயமும் கலந்தது.

முதலில் வந்தவருக்குத்தானே முதலிடம்?

ஆம். ஆனால் எதை ‘வந்தது’ என்று எடுப்பது என்பதில்தான் தகராறு. கார் அந்த இடத்துக்கு வந்து நின்றால்தான் வந்தது. தம்பியை முன்கூட்டியே பஸ்ஸில் அனுப்பி நிற்க வைப்பதும், சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும் நண்பருக்கு ஃபோன் எடுத்து “நான் வரும்வரை கழட்டாத மச்சான்” என்பதும் கணக்கில் வராது. 2022இல் மண்ணெண்ணெய்க் கேனும் காஸ் சிலிண்டரும் ஆட்களுக்குப் பதிலாக வரிசையில் நின்றதைப் பார்த்தவர்கள் நாங்கள். அந்தப் பழக்கம் இங்கேயும் வேண்டாம்.

இன்னொரு சிக்கல், வரிசையாக நிற்க இடமே இல்லாதது. சுப்பர் மார்க்கெட்டின் சரிவான பார்க்கிங், ஹோட்டல் வாசல், பெட்ரோல் ஷெட்டின் ஒரு மூலை என்றுதான் சார்ஜர்கள் இருக்கின்றன. ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் ரோட்டோரம், இன்னொருவர் எதிர்க்கடை வாசலில். யாருக்குப் பின் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. வந்தவுடன் இறங்கிப் போய்க் கேளுங்கள்: “அண்ணே, உங்களுக்குப் பிறகு யாராவது நிக்கிறாங்களா? அப்ப அவருக்குப் பிறகு நான்.” காருக்குள் இருந்து கண்ணாடி வழியே முறைத்துக்கொண்டிருந்தால் இடம் கிடைக்காது. நாலைந்து கார் சேர்ந்துவிட்டால், ஒரு துண்டுக் காகிதத்தில் வாகன இலக்கங்களை வரிசையாக எழுதி செக்கியூரிட்டி ஐயாவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்.

எதுவரை ஏற்றலாம்? 80 வீதத்தில் கழற்றத்தான் வேண்டுமா?

நீங்கள் ஏறப் போகிறீர்களா, இறங்கப் போகிறீர்களா? மலைநாட்டில் முதலில் இதைச் சொல்லுங்கள், பிறகு வீதத்தைப் பேசலாம்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஆட்களோடு 1,600 கிலோ வரும் ஒரு காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்க, பாதையின் உராய்வையும் காற்றையும் சேர்க்காமலே 8 யுனிட்டுக்குச் சற்று மேலே மின்சாரம் வேண்டும். 24 யுனிட் கொள்ளும் பட்டரியோடு வந்த பழைய நிசான் லீஃபுக்கு இது மூன்றில் ஒரு பங்கு. பத்து வருடம் ஓடிப் பட்டரி தேய்ந்திருந்தால் பாதியைத் தொட்டுவிடும். தூரத்துக்கான செலவு இதற்கு மேல் தனி. ஆகவே கம்பளையிலோ அவிசாவளையிலோ பலாங்கொடையிலோ அடிவாரத்தில் நிற்பவர் 90 வரை ஏற்றிக்கொண்டு போனால் அது பேராசை இல்லை. அவருக்கு அது தேவை.

மேலே நிலைமை தலைகீழ். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கோ வெலிமடைக்கோ இறங்குகிறவருக்குப் பாதையே உதவி செய்யும். 60 இருந்தாலே பெரும்பாலான கார்களுக்குத் தாராளம். அங்கே 100 வரை ஏற்றுவதால் இரண்டு கெடுதல். முதலாவது, பின்னால் நிற்பவரின் நேரம் போகிறது. ஹட்டன் பஸ்ஸில் சீட் நிரம்பும்வரை ஆட்கள் மளமளவென்று ஏறுவார்கள், அதன் பிறகு ஏறும் ஒவ்வொருவரும் இடித்துப் பிடித்து இடம் தேட வேண்டும். பட்டரியும் 80க்கு மேல் அப்படித்தான். 50 கிலோவாட் சார்ஜரில் 60 யுனிட் பட்டரி 20இலிருந்து 80க்கு முக்கால் மணி நேரத்தில் ஏறினால், மிச்ச 20 வீதத்துக்கு மட்டும் அரை மணி நேரம் போகலாம்.

இரண்டாவது கெடுதல் உங்களுக்கே. இறக்கத்தில் மோட்டார் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தி, அந்தச் சக்தியைப் பட்டரிக்குத் திருப்பி அனுப்பும். பட்டரி நிரம்பியிருந்தால் அனுப்ப இடமில்லை. அப்போது முழுப் பாரமும் சாதாரண பிரேக்கில் விழும். றம்பொடை வளைவுகளில் சூடேறிய பிரேக்கின் வாசனை எப்படியிருக்கும் என்று லொறி ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள். மேலிருந்து புறப்படும்போது பட்டரியில் குறைந்தது 15, 20 வீதமாவது வெறுமையாக இருக்கட்டும்.

சுருக்கமாகக் கேட்டால்: கம்பளையில் 80க்கு மேல் ஏற்றுகிறவரை முறைக்காதீர்கள், நுவரெலியாவில் 80க்கு மேல் ஏற்றுகிறவரை முறைக்கலாம். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போய்த் திரும்புகிறவர் என்றால் மட்டும் விட்டுவிடுங்கள். அவர் இன்னும் ஏற வேண்டியிருக்கிறது.

இறங்கும்போது தானாகவே சார்ஜ் ஏறுமாமே, நம்பலாமா?

ஓரளவுக்கு. ஏறச் செலவழித்ததெல்லாம் திரும்பி வராது. மோட்டாரிலும் பட்டரியிலும் ஒரு பங்கு சூடாகப் போய்விடும். ஆனாலும் நுவரெலியாவிலிருந்து நிதானமாகக் கம்பளைக்கு இறங்கினால், புறப்பட்ட அளவுக்குக் கிட்டவே பட்டரி காட்டுவதைப் பார்க்கலாம். லபுக்கலைப் பக்கம் முதலில் கொஞ்சம் ஏற வேண்டியிருப்பதால் ஆரம்பத்தில் சில வீதம் குறையும். பயந்து திரும்பி வந்து வரிசையில் நிற்க வேண்டாம். புஸ்ஸல்லாவைக்கு வரும்போது கணக்குச் சரியாகிவிடும்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலைக்கு இறங்குகிறவர்களுக்கும் இதே கதைதான்.

என் காருக்கு வாரம் ஒருமுறை 100 ஏற்றச் சொல்கிறார்களே?

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பொஸ்பேட்) பட்டரி உள்ள கார்களுக்கு அப்படிச் சொல்வது வழக்கம். அந்த வகைப் பட்டரியில் மின்னழுத்தம் நடுவில் பெரிதாக மாறாது. எத்தனை வீதம் மிச்சம் என்று கார் சரியாகக் கணிக்க, இடையிடையே நிரம்பிய நிலையைப் பார்க்க வேண்டும். அதை வீட்டில், இரவில், மெதுவான சார்ஜில் செய்யுங்கள். சனிக்கிழமை மத்தியானம் பண்டாரவளையில், பின்னால் மூன்று கார் நிற்கும்போது செய்ய வேண்டிய வேலையல்ல.

லீஃப்காரருக்கும் புதுக் கார்காரருக்கும் ஏன் எப்போதும் வாய்த்தர்க்கம்?

காரணம் நாட்டின் வாகன இறக்குமதிக் கதையில் இருக்கிறது. பத்து, பதினொரு வருடங்களுக்கு முன் ஜப்பானிலிருந்து பாவித்த லீஃப் கார்கள் நிறைய வந்தன. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்; பிவைடி போன்ற புதிய கார்கள் மளமளவென்று இறங்கின. ஒரே சார்ஜர் முன்னால் இப்போது நிற்பவை நடுவில் ஒரு தலைமுறையே இல்லாத இரண்டு வகைக் கார்கள். காரில் செருகும் பிளக்கைக் ‘கன்’ என்போம்; பழையதற்குச் சாடெமோ வகைக் கன், புதியதற்குச் சிசிஎஸ் 2 வகைக் கன். பழையதற்குச் சிறிய பட்டரி, அடிக்கடி சார்ஜ் வேண்டும். புதியதற்குப் பெரிய பட்டரி, வந்தால் நீண்ட நேரம் நிற்கும்.

“நான் அரை மணி நேரத்தில் போய்விடுவேன், நீங்கள் ஒரு மணி நேரம் நிற்பீர்கள், என்னை முதலில் விடுங்கள்” என்று லீஃப்காரர் கேட்பார். “உங்கள் கார் வாங்கும் வேகத்துக்கு அரை மணி நேரம் முக்கால் மணி நேரமாகும்” என்று மற்றவர் சொல்வார். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. லீஃபின் பட்டரிக்குக் குளிரூட்டும் தண்ணீர்ச் சுற்று இல்லை. மலையேறிச் சூடாகி வந்தால் சார்ஜ் மெதுவாகத்தான் உள்ளே போகும். நுவரெலியாவின் குளிர் காற்று கொஞ்சம் உதவும், ஆனால் பெரிய பட்டரிப் பெட்டி உடனே ஆறிவிடாது.

என் அபிப்பிராயம்: வரிசை வரிசைதான், காரின் வயதைப் பார்த்து மாற்றக் கூடாது. ஆனால் 12 வீதத்தில் வந்து நிற்கும் லீஃபுக்கு அடுத்த சார்ஜர் எட்டாது, 45 வீதத்தில் நிற்கும் புதுக் காருக்கு எட்டும். எட்டுகிறவர் தானாக முன்வந்து விட்டுக்கொடுப்பது பெரிய மனது. கேட்டு வாங்குவது உரிமையல்ல.

இரண்டு கன் இருக்கிறதே, இரண்டு காரும் ஒரே நேரத்தில் போடலாமா?

சில பழைய மெஷின்களில் ஒரு கன் வேலை செய்யும்போது மற்றது பூட்டியிருக்கும். புதியவற்றில் இரண்டும் வேலை செய்யும், ஆனால் சக்தி பங்காகும். இரண்டாவதாகச் செருகும் முன் முதலாமவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் 20 நிமிடம் என்று கணக்குப் போட்டுப் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பியிருப்பார்; நீங்கள் செருகியதும் அது 35 ஆகும். இன்னும் ஐந்து நிமிடத்தில் கழற்றப் போகிறார் என்றால் பொறுங்கள். பங்கு போட்டு இருவரும் தாமதிப்பதைவிட அது நல்லது.

சார்ஜ் முடிந்துவிட்டது, கார்காரரைக் காணோம். நான் கழற்றலாமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. அதிகம் கோபத்தோடு வருவதும் இதுதான்.

முதலில் முடிந்துவிட்டதா என்று மெஷினின் திரையில் பாருங்கள். லீஃப் என்றால் முன் கண்ணாடிக்குள் மூன்று நீல விளக்குகள் தெரியும். மினுங்கிக்கொண்டிருந்தால் இன்னும் ஏறுகிறது. ஏறிக்கொண்டிருக்கும் காரை நிறுத்துவது, 98 வீதமாக இருந்தாலும், தவறு. அவர் செய்வது அநியாயமாக இருக்கலாம். அதற்காக அடுத்தவரின் சார்ஜை நிறுத்தும் அதிகாரம் நமக்கு வந்துவிடாது. சிவப்பு நிற அவசரப் பொத்தானை அமுக்கி நிறுத்துவது அதைவிட மோசம். சில மெஷின்கள் அதன் பிறகு கம்பனிக்காரர் வந்து திறக்கும்வரை எழும்பாது. அவரைப் பழிவாங்கப் போய், அன்று மலையேறிய எல்லோரையும் பழிவாங்கியதாகிவிடும்.

முடிந்துவிட்டது என்றால், சாடெமோ கன்னைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே கழற்றலாம். மின்சாரம் நின்றதும் பூட்டு விட்டுவிடும். கழற்றுங்கள், ஆனால் காரின் மூக்கில் உள்ள மூடியைச் சரியாக அடையுங்கள். கினிகத்தேனை மழையில் திறந்த மூடியோடு ஒரு காரை விட்டுப் போவது மனிதர் செய்யும் வேலையல்ல. சிசிஎஸ் 2 கன்னைக் கார் உள்ளிருந்து பிடித்துக்கொள்ளும். சொந்தக்காரர் திறக்காமல் வராது, இழுத்து உடைக்க வேண்டாம். அவரைக் கண்டுபிடிப்பதுதான் ஒரே வழி. செக்கியூரிட்டி ஐயாவிடம் சொல்லுங்கள், கடையின் ஒலிபெருக்கியில் வாகன இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள், பக்கத்துச் சாப்பாட்டுக் கடையை எட்டிப் பாருங்கள். பெரும்பாலும் கொத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்.

இதைவிடப் பெரிய ஆட்கள் சிவனொளிபாத மலைக் காலத்தில் வருவார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரை அந்தக் காலம். ஹட்டன் பக்கம் காரைச் சார்ஜில் செருகிவிட்டு, நண்பர்களின் வேனில் நல்லதண்ணிக்குப் போய், இரவெல்லாம் ஏறி, சூரியோதயம் பார்த்து, காலை பத்து மணிக்குத் திரும்புவார்கள். மலையில் புண்ணியம், அடிவாரத்தில் நாலு குடும்பத்தின் சாபம்.

காரில் ஃபோன் நம்பரை எழுதி வைக்கச் சொல்கிறார்களே. பெண்கள் எப்படி வைப்பது?

தயக்கம் நியாயமானது. தனியாக ஓட்டும் பெண்ணின் நம்பர் ரோட்டோரக் கண்ணாடியில் இருந்தால் என்னென்ன அழைப்பு வரும் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாததல்ல. நம்பர் கட்டாயமில்லை. “3.40க்கு வந்து எடுப்பேன், 70 வீதம் போதும்” என்று ஒரு காகிதம் வைத்துவிட்டு, நம்பரைக் காசாளரிடமோ செக்கியூரிட்டியிடமோ கொடுத்துவிட்டுப் போகலாம். நேரம் எழுதியிருந்தாலே காத்திருப்பவரின் கோபம் பாதி குறையும். ஆனால் எழுதிய நேரத்துக்கு வர வேண்டும்.

சார்ஜர் இடத்தில் பெட்ரோல் வேன் நிற்கிறது. என்ன செய்வது?

அநேகமானோர் தெரியாமல்தான் நிறுத்துகிறார்கள். பச்சை வர்ணமும் அறிவித்தலும் மழையில் மங்கிப்போயிருக்கும், திருவிழாக் கூட்டத்தில் வேறு இடமும் இருக்காது. “ஐயா, இது கார் சார்ஜ் போடுற இடம், கொஞ்சம் முன்னால எடுத்தீங்கன்னா பெரிய உதவி” என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் எடுப்பார்கள். பத்தாவது ஆளோடு வாதாட வேண்டாம். கேபிள் எட்டினால் பக்கத்தில் நிறுத்தியே போட்டுக்கொள்ளுங்கள்.

சார்ஜ் போடாமல் அங்கே நிற்கும் மின்சாரக் கார்தான் எனக்குப் பெட்ரோல் வேனைவிட எரிச்சல் தருவது. அவருக்குத் தெரியும்.

பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் வேக சார்ஜரைப் பிடிக்கலாமா?

பெட்ரோலிலும் ஓடும் கார் அது. காலியாக இருந்தால் போடட்டும். முழு மின்சாரக் கார் ஒன்று வந்தால் எடுத்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அவசரம் என்று ஒருவர் முன்னால் விடச் சொன்னால்?

ஆஸ்பத்திரி, மரணவீடு என்றால் கேள்வி கேட்காமல் விடுங்கள். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்காவுக்குப் போகும் சாரதிகள் விமானம் தவறிவிடும் என்பார்கள். பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அவர்கள் இறங்கிப் போகிறவர்கள் என்பதை மறக்க வேண்டாம். பத்து, பதினைந்து நிமிடச் சார்ஜில் கண்டி வரைக்கும் போய், அங்கே மிச்சத்தைப் போடலாம். முழுவதும் நிரப்பிக்கொண்டு போக விட வேண்டியதில்லை.

சார்ஜர் வேலை செய்யவில்லை. யாரிடம் சொல்வது?

மெஷினில் ஒட்டியிருக்கும் நம்பருக்கு. ‘யாராவது சொல்லியிருப்பார்கள்’ என்று எல்லோரும் நினைப்பதால்தான் சில மெஷின்கள் வாரக்கணக்கில் செத்துக் கிடக்கின்றன. அழைத்த பிறகு வாட்ஸ்அப் குழுவிலும், சார்ஜர் காட்டும் செயலியிலும் ஒரு வரி போடுங்கள். ‘வேலை இல்லை’ என்று மட்டும் போட்டால் பிரயோசனமில்லை. எந்தக் கன், திரையில் என்ன காட்டுகிறது, எத்தனை மணிக்கு என்று போடுங்கள். அவிசாவளையில் நின்று மேலே வரலாமா என்று யோசிப்பவருக்கு அந்த வரிதான் தீர்மானம்.

சில நேரம் மெஷினில் பழுதே இல்லை, சிக்னல்தான் இல்லை. செயலியால் திறக்கும் மெஷினுக்கு உங்கள் ஃபோனுக்கும் அதற்கும் இரண்டுக்கும் சிக்னல் வேண்டும். மலை மறைக்கும் இடங்களுக்குச் செயலியில் முன்கூட்டியே காசு போட்டு வைத்துவிட்டு வாருங்கள். அங்கே வந்து அட்டை நம்பர் அடிக்கத் தொடங்கினால் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

ஒரு ஹோட்டலில், சாப்பிட்டால்தான் சார்ஜ் என்று சொல்லி, சாப்பிட்ட பிறகு மெஷின் பழுது என்று சொன்னார்கள். சாப்பாடும் சுமார்தான். ஆகவே உட்காருவதற்கு முன் மெஷினின் விளக்கு எரிகிறதா என்று போய்ப் பாருங்கள்.

செயலியோ அட்டையோ இல்லாதவர் உதவி கேட்டால்?

உங்கள் செயலியில் திறந்துவிட்டு, திரையில் காட்டும் தொகையைக் காசாக வாங்கிக்கொள்ளுங்கள். மேலே ஒரு ரூபாயும் வைக்க வேண்டாம். வயதானவர்கள், கடன் அட்டை இல்லாத ஓட்டுநர்கள், ஜப்பான் மொழியிலேயே திரை வைத்துக்கொண்டு ஓடும் பழைய லீஃப்காரர்கள் என்று உதவி வேண்டியவர்கள் நிறையப் பேர். மெஷினின் திரை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், பக்கத்தில் நின்று வாசித்துச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

சிங்களத்தில் கேட்க வேண்டி வந்தால் “அய்யே, தவ கொச்சர வெலா யயித?” போதும், இன்னும் எவ்வளவு நேரம் போகும் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டு கேளுங்கள். அதே கேள்வி சிரிக்காமல் கேட்டால் எந்த மொழியிலும் சண்டைதான்.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்கு மின்சாரக் காரில் வரலாமா?

வரலாம், சார்ஜரை நம்பி வரக் கூடாது. புத்தாண்டை ஒட்டிய நாட்களில் டவுனுக்குள் நுழையவே மணிக்கணக்கு ஆகும். சார்ஜரிலும் அதே கூட்டம். தங்கும் இடத்தில் மெதுவான சார்ஜ் உண்டா என்று அறை பதியும்போதே கேளுங்கள். ‘பிளக் இருக்கிறது’ என்றால், அது எங்கே, கார் அதன் பக்கத்தில் வருமா, எத்தனை அம்பியர் என்றும் கேளுங்கள். இரண்டாம் மாடி ஜன்னலிலிருந்து தொங்கும் எக்ஸ்டென்ஷன் வயரையும் பிளக் என்றுதான் சொல்வார்கள்.

நேரத்தைத் தெரிவு செய்யலாம் என்றால்: ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும் விடியற்காலைகள் உண்டு. இரவெல்லாம் வெளியே நின்று குளிர்ந்த பட்டரி, குறிப்பாக எல்எஃப்பி, அப்போது மிக மெதுவாகத்தான் ஏற்றும். பின்னால் நிற்பவருக்கு நீங்கள் வேண்டுமென்றே நேரம் கடத்துவதாகத் தோன்றும். அந்த வகைக் கார்கள் ஓடி வந்த சூட்டோடு மாலையிலேயே போடுவது நல்லது. மலையேறிச் சூடாகிய லீஃபுக்கு இதற்கு மறுபக்கம். கொஞ்சம் ஆறவிட்டுப் போடட்டும். ஆனால் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரப் பாவனையின் உச்ச நேரம். நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் மெஷினானால் பையைப் பதம் பார்க்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்த முடியாது.

பட்டரி இறங்கிவிட்டது. ஒரு வீட்டில் பிளக் கேட்கலாமா?

கேட்கலாம். மலைநாட்டு வீடுகளில் இல்லை என்று சொல்பவர்கள் குறைவு, தேத்தண்ணியும் வரும். அதனால்தான் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

சாதாரண பிளக்கில் மணிக்கு இரண்டு யுனிட்டுக்குச் சற்று மேல் ஏறும். ஒரு இரவு நின்றால் 15 யுனிட் தாண்டும். இது உங்களுக்குச் சின்னக் கணக்கு. வீட்டுக் கட்டணம் படிப்படியாகக் கூடும் முறையில் இருப்பதால், மாதம் 60 யுனிட்டுக்குள் பாவிக்கும் வீட்டுக்கு அது அப்படியல்ல. 60ஐத் தாண்டினால் கணக்கிடும் முறையே மாறி, உங்களுடைய 15 யுனிட்டுக்கு மட்டுமல்லாமல் அவர்களுடைய 50 யுனிட்டுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டி வரலாம். ஆகவே ‘யுனிட் இவ்வளவு’ என்று கடைசி பில்லைப் பார்த்துப் பெருக்கிக் கொடுப்பது நியாயமல்ல. இரட்டிப்பாகக் கொடுங்கள். “வேணாம் தம்பி” என்பார்கள். பிள்ளைகளின் கையில் வைத்துவிட்டு வாருங்கள்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வீடுகளில் மட்டும் கேட்காதீர்கள். மனம் இல்லாமல் அல்ல, வயர் தாங்காது. பல வருடத்துப் பழைய வயரிங், ஒரு வரிசைக்கே ஒரே கூரை. மணிக்கணக்காக 10 அம்பியர் இழுத்தால் பிளக் பொயின்ட் சூடேறி உருகும். தீப்பிடித்தால் எரிவது ஒரு காம்பரா மட்டுமல்ல. கடை, கோயில் மண்டபம், வாகனம் கழுவும் இடம் போன்றவை பரவாயில்லை. அங்கேயும் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் உடனே நிறுத்துங்கள்.

சார்ஜ் ஏறும்போது கரண்ட் போனால் வரிசை என்னாகும்?

கன் செருகியிருந்தவருடைய முறை அப்படியே இருக்கும்; கரண்ட் வந்ததும் அவர்தான் தொடர்வார். அரை மணி நேரம் தாண்டியும் வராவிட்டால், போய்ச் சேருமளவு பட்டரி உள்ளவர்கள் புறப்படுவது நல்லது.

மண்சரிவுக் காலம் வேறு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்தபோது மலைநாட்டில் பாதைகளும் மின்சாரமும் ஒன்றாகவே போயின. மின்சாரக் காருக்குப் போத்தலில் யாரும் எண்ணெய் கொண்டுவந்து தர முடியாது. கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விட்ட நாட்களில் பாதிக்குக் கீழே பட்டரியை இறங்க விடாதீர்கள். சுற்றுப்பாதை என்றால் மலையைச் சுற்றித்தான் போக வேண்டும், தூரம் இரட்டிக்கும். அந்த நாட்களில் சார்ஜர் ஒன்று இயங்கினால், ஆளுக்கு 20 நிமிடம் என்று பேசி வைத்துக்கொள்வதே முறை. மருத்துவமனை ஊழியர், நோயாளி ஏற்றிச் செல்பவர் வந்தால் வரிசை என்ற பேச்சே வேண்டாம். உல்லாசமாக வந்து மாட்டிக்கொண்டவர்கள் கடைசியில் நிற்கட்டும்.

மழையில் கன்னைச் செருகலாமா, ஷொக் அடிக்காதா?

செருகலாம். காரும் மெஷினும் தங்களுக்குள் பேசி, மின்கசிவு இல்லை என்று பார்த்த பிறகுதான் மின்சாரமே பாயும். இடி விழும்போது மட்டும் கொஞ்சம் பொறுங்கள். மழையைவிட ஆபத்து, முடித்த பிறகு கன்னைத் தரையில் போட்டுவிட்டுப் போகிறவர்கள். அதன் வாய்க்குள் சேறும் சல்லியும் போனால் அடுத்த காரோடு ஒட்டாது, மெஷின் பிழை காட்டி நின்றுவிடும். கேபிள் பாரம்தான், குளிரில் விறைத்தும் போயிருக்கும். தூக்க முடியாத ஒருவர் நின்றால் போய்ப் பிடித்துக்கொடுங்கள். கன் அதன் கூட்டில் ‘டக்’ என்று விழும்வரை தள்ளுங்கள்.